சோளத் தட்டையும் மண்புழுவும்



இரவெல்லாம் மழை பெய்து ஓய்ந்த காலையில் வாசலைக் கூட்டும்போது, சிறுசிறு மண் உருண்டைகள் கூம்பு போலக் குவிந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். துடைப்பத்தால் ஒரு தள்ளுத் தள்ளிவிட்டுப் போய்விடுகிறோம். அது மண்புழு இராத்திரியில் செய்த வேலை. மண்ணையும் மக்கிய இலையையும் தின்று, குடலில் அரைத்து, மேலே கொண்டுவந்து போட்ட எச்சம் அது. நாம் பெரட்டுக்குப் போகும் முன்பே அது தன் வேலையை முடித்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறது.

இங்கிலாந்து நாட்டு அறிஞர் சார்லஸ் டார்வின் தம் முதுமைக் காலத்தில், 1881ஆம் ஆண்டு, மண்புழுவுக்காகவே ஒரு நூல் எழுதி வெளியிட்டார். அந்நாட்டில் பல இடங்களில் ஓர் ஏக்கர் நிலத்தில் ஆண்டுக்குப் பத்து டன்னுக்கு மேற்பட்ட மண் இந்தப் புழுக்களின் உடல் வழியே போய் வருகிறது என்று அவர் கணக்கிட்டார். புழுவுக்குக் காது கேட்குமா என்று அறிய விரும்பி, மகனைக் கொண்டு பெரிய குழல் ஒன்றை ஊதச் செய்தார். புழுக்கள் அசையவில்லை. பிறகு புழு இருந்த மண் தொட்டிகளைப் பியானோவின் மேலேயே வைத்து ஒரு கட்டையை அழுத்தினார். உடனே புழுக்கள் சரேலென வளைக்குள் போய்விட்டன. காது இல்லை, ஆனால் அதிர்வை உடம்பால் உணர்கிறது. எங்கள் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொன்னால் போதும், அன்று முழுவதும் பூத்தொட்டிகளைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள்.

மண்புழு மட்டுமல்ல. மரவட்டை, கறையான், கண்ணுக்குத் தெரியாத நூற்புழு, வாலை ஊன்றித் துள்ளும் குன்றிமணியினும் சிறிய பூச்சி, பலவகை நுண்ணுயிர் என்று நம் காலடியில் ஒரு பெரிய குடியிருப்பே இருக்கிறது. விழுந்த இலையை மீண்டும் மண்ணாக்கும் வேலை இவற்றுடையது. மரபணு மாற்றிய பயிர்களால் இவற்றுக்குக் கேடு வருமா என்பதே இன்றைய பேச்சு. இதைப் பேச எங்களுக்கு ஒரு காரணம் உண்டு. அது கொஞ்சம் வெட்கப்பட வேண்டிய காரணம்.

ஒரு முறை எங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில், அறிவியல் பற்றி நாலு வார்த்தை பேசுங்கள் என்றார்கள். எழுந்து நின்றோம். வெளிநாட்டிலிருந்து வரும் கோழித் தீவனச் சோளத்தில் பெரும்பகுதி மரபணு மாற்றியது என்றும், அந்தச் செடியே பூச்சியைக் கொல்லும் நஞ்சைச் சுரக்கிறது என்றும், அது மண்ணில் சேர்ந்தால் மண்புழு செத்துவிடும் என்றும் அடித்துப் பேசினோம். கைதட்டினார்கள். நாங்களும் மகிழ்ச்சியாக வந்து உட்கார்ந்தோம்.

மூன்று மாதம் கழித்து ஓர் அம்மா பள்ளிக்கு வந்தார். எங்கள் தோட்டத்தில் முதுகில் தோம்பு சுமந்து மருந்தடிக்கும் வேலை செய்பவர். இரண்டு பிள்ளைகள் எங்களிடம் படிக்கிறார்கள். வீட்டுக்குப் பின்னால் பத்துப் பதினைந்து கோழி வளர்த்து, அதன் எச்சத்தை எருவாகப் போட்டு, கத்தரி, வெண்டை, பசலை என்று நட்டு விற்று, கைச்செலவுக்கு வைத்துக்கொள்பவர்.

"சார், நீங்க சொன்னீங்கன்னு கோழிய எல்லாம் வித்துட்டேன். எருவையும் அள்ளிக் கானுல கொட்டிட்டேன். ஆனா ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. ரெண்டு வருசமா அந்தச் சோளத்தத்தான் கோழி தின்னுச்சு. அந்த எருவத்தான் போட்டேன். கொத்துற இடமெல்லாம் புழுவாத்தான் இருந்துச்சு. எந்தப் புழு சார் செத்துச்சு?"

எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. எங்கோ படித்ததை, யாரோ சொன்னதோடு சேர்த்துச் சொல்லியிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. பயிற்சிக் கல்லூரியில் எங்கள் விரிவுரையாளர், கேட்டதைச் சொல்பவன் கடைக்காரன், பார்த்ததைச் சொல்பவன் ஆசிரியன் என்பார். கடைக்காரர்கள் மன்னிக்க வேண்டும். அன்று முதல் கிடைத்ததை எல்லாம் தேடிப் படித்தோம். படித்ததை இப்போது வரிசையாகச் சொல்கிறோம்.

முதலில் இந்த நஞ்சு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். இது ஆய்வுக்கூடத்தில் புதிதாகக் காய்ச்சியது அன்று. 1901இல் ஜப்பான் நாட்டில் பட்டுப் புழுக்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தபோது, அதற்குக் காரணமான ஒரு பாக்டீரியாவை இஷிவாத்தா என்னும் அறிஞர் கண்டார். 1911இல் ஜெர்மனியில் பெர்லினர் என்பவர் மாவில் வாழும் அந்துப்பூச்சியின் புழுவில் அதையே கண்டு, துரிங்கியா என்னும் வட்டாரத்தின் பெயரால் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்று பெயரிட்டார். சுருக்கமாகப் பி.டி. என்பார்கள். மண்ணில் இயல்பாகவே இருக்கும் கிருமி அது. பிரான்ஸ் நாட்டில் 1938 முதலே அதைப் பூச்சி மருந்தாக விற்றிருக்கிறார்கள்.

நமக்கும் அது அந்நியம் அன்று. செம்பனை ஓலையைச் சல்லடையாக்கும் உலாட் புங்குஸ் தெரியுமல்லவா? தன்னைச் சுற்றி ஓலைத் துணுக்கால் பை தைத்துக்கொண்டு தொங்குமே, அந்தப் புழு. அதை ஒழிக்க நம் நாட்டில் தெளிக்கும் மருந்துகளில் இந்தப் பி.டி.யும் ஒன்று.

அது கொல்லும் விதம் தனி. கிருமிக்குள் ஒரு புரதம் படிகமாக இருக்கும். இலையோடு சேர்த்து அதைத் தின்ற கம்பளிப்புழுவின் குடல் காரத் தன்மை உடையது. அந்தக் காரத்தில் படிகம் கரையும். கரைந்த புரதம் குடல் சுவரில் தனக்குப் பொருத்தமான இடத்தில் போய் ஒட்டும்; ஒட்டிய இடத்தில் ஓட்டை விழும். புழு தின்பதை நிறுத்தும், பிறகு சாகும். பூட்டும் சாவியும் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டோர் சாவியைக் கொண்டு ஆயாக் கொட்டகைக் கதவைத் திறக்க முடியாது. மண்புழுவின் குடலில் அந்தக் காரமும் இல்லை, அந்தப் பூட்டு இருப்பதாகவும் தெரியவில்லை.

அந்தப் புரதத்தைச் செய்யும் மரபணுவை எடுத்துச் சோளச் செடிக்குள் வைத்தார்கள். தமிழ்நாட்டில் மக்காச்சோளம் என்பார்களே, அதைத்தான் நாம் இங்கே சோளம் என்கிறோம். அமெரிக்காவில் இத்தகைய சோளம் 1996 முதல் பயிராகிறது. தண்டு துளைக்கும் புழு செடியைக் கடித்தாலே சாகும், மருந்தடிக்க வேண்டியதில்லை. உழவனுக்கு ஆதாயம்தான். ஆனால் இங்கேதான் ஒரு வேறுபாடு வருகிறது. தெளித்த மருந்து வெயிலிலும் மழையிலும் சில நாளில் போய்விடும். செடியோ முளைத்த நாள் முதல் அறுவடை வரை வேர், தண்டு, இலை என்று எங்கும் அந்தப் புரதத்தை வைத்திருக்கிறது. அறுத்த பிறகு தட்டை முழுதும் நிலத்தில் கிடந்து மக்குகிறது.

1999இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஸ்டாட்ஸ்கி என்னும் பேராசிரியரும் அவர்தம் உடன் ஆய்வாளர்களும் ஒரு செய்தி வெளியிட்டார்கள். இந்தச் சோளத்தின் வேரிலிருந்தே அந்தப் புரதம் மண்ணில் கசிகிறது என்பதே அது. களிமண் துகளோடு அது ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பின்னும் அதன் வீரியம் போகவில்லை. அவர்களுடைய ஆய்வுக்கூட மண்ணில் 234 நாள் கழித்தும் பூச்சிப் புழுவைக் கொல்லும் ஆற்றல் இருந்தது. மண்ணில் நஞ்சு என்று உலகமெங்கும் செய்தி பரவியது. எங்கள் காதில் விழுந்ததும் இந்தப் பாதிச் செய்திதான்.

மறுபாதியை 2001இல் அவர்களே சொன்னார்கள். அந்தச் சோளம் வளர்ந்த மண்ணில் 40 நாளும், அதன் தூள் கலந்த மண்ணில் 45 நாளும் மண்புழுக்களை விட்டுப் பார்த்தார்கள். புழுவின் குடலிலும் எச்சத்திலும் அந்தப் புரதம் இருந்தது. ஆனால் புழு சாகவில்லை, எடையும் குறையவில்லை. நல்ல மண்ணுக்கு மாற்றிய சில நாளில் குடல் சுத்தமாகிவிட்டது. நூற்புழு முதலிய சிற்றுயிர்களின் எண்ணிக்கையிலும் வேறுபாடு காணவில்லை.

அப்படியானால் அச்சமே வேண்டாமா என்றால், அதையும் உடனே சொல்லிவிட முடியாது. சுவிட்சர்லாந்து நாட்டு ஆய்வாளர்கள் 45 நாள் போதாது என்று கருதினார்கள். நியாயமான எண்ணம். நிலத்துப் புழு ஆண்டுக்கணக்கில் அந்தத் தட்டையைத் தின்ன வேண்டியதாயிற்றே. அவர்கள் 200 நாள் தின்னக் கொடுத்துப் பார்த்து, 2003இல் முடிவை வெளியிட்டார்கள். 160 நாள் வரை இரு பக்கத்துப் புழுவும் ஒன்று போலவே இருந்தன. 200ஆம் நாளில் நிறுத்துப் பார்த்தால், சாதாரணச் சோளத் தட்டை தின்ற வளர்ந்த புழுக்கள் தொடக்க எடையைவிட 4 விழுக்காடு கூடியிருந்தன, பி.டி. சோளத் தட்டை தின்றவை 18 விழுக்காடு இளைத்திருந்தன. இளம் புழுக்களில் இந்த வேறுபாடு இல்லை. காரணம் அந்தப் புரதம்தானா, தட்டையின் வேறு ஏதாவது தன்மையா என்பதை அந்த ஓர் ஆய்வு தீர்த்துவைக்கவில்லை. இருந்தாலும் இந்த 18 என்னும் எண்ணை நாங்கள் மறைக்க விரும்பவில்லை. முன்பு ஒரு பக்கமாகப் பேசிப் பட்ட பாடு போதும்.

பிறகு டென்மார்க்கிலும் பிரான்சிலும் வயலிலேயே பல ஆண்டு சோதித்தார்கள். அங்கே சில வேறுபாடுகள் தென்பட்டன. ஆனால் உழுவதா உழாமல் விடுவதா, மண் எப்படிப்பட்டது, மழை எவ்வளவு என்பவற்றால் வரும் வேறுபாடு அதைவிடப் பெரிதாக இருந்தது. 2007இல் 42 வயல் சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வும் உண்டு. பூச்சி மருந்தடித்த சாதாரண வயலைவிடப் பி.டி. வயலில் மற்ற சிற்றுயிர்கள் அதிகம். ஆனால் மருந்தே அடிக்காத சாதாரண வயலோடு ஒப்பிட்டால் சில வகை உயிர்கள் பி.டி. வயலில் குறைவு. இந்த ஒரு வாக்கியத்தை நாங்கள் மும்முறை படித்தோம். எதோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தே விடை மாறுகிறது. 2020இல் மண் உயிர்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிக் கணக்கிட்டபோது, பி.டி. பயிரால் அவற்றுக்குக் கேடு என்று சொல்லத்தக்க விளைவு தெரியவில்லை.

இன்னொன்றும் உண்டு. அந்த நியூயார்க், சுவிஸ் ஆய்வுகளில் இருந்தது குளிர் நாட்டுப் பெரிய மண்புழு. நம் தோட்டத்தில் கொத்தினால் வருவது பெரும்பாலும் வேறு சாதி. தென் அமெரிக்காவிலிருந்து செடியோடும் மண்ணோடும் உலகெல்லாம் பரவிய புழு அது. பால்மரமும் அந்தப் பக்கத்திலிருந்து, 1877இல் சிங்கப்பூருக்கும் கோலகங்சாருக்கும் வந்ததுதான். செம்பனை ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. நம் பாட்டன்மார் எங்கிருந்து வந்தார்கள் என்று சொல்லத் தேவையில்லை. இந்தத் தோட்டத்தில் எல்லாருமே வந்து குடியேறியவர்கள்தாம் போலும்!

சரி, மலேசியாவில் நிலை என்ன? இங்கே மரபணு மாற்றிய பயிரை வணிகத்திற்காகப் பயிரிடுவதில்லை. 2007ஆம் ஆண்டின் உயிரியல் பாதுகாப்புச் சட்டம் 2009 டிசம்பர் முதல் நடப்பில் இருக்கிறது. சோளமும் சோயாவும் உணவுக்கும் தீவனத்துக்குமாக அனுமதி பெற்று இறக்குமதியாகின்றன. கோழி தின்னும் சோளத்தில் உள்ள புரதம் அதன் வயிற்றிலேயே பெரும்பாலும் சிதைந்துவிடுகிறது. ஆக, அந்த அம்மா கோழியை விற்றதற்கும் எருவைக் கானில் கொட்டியதற்கும் தேவையே இருக்கவில்லை. அவருடைய வீட்டுக்குப் போய் இதைச் சொன்னோம். அடுத்த கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் சொல்வதாகவும் சொன்னோம்.

தேநீர் கொடுத்துவிட்டு அவர் இரண்டாவது கேள்வி கேட்டார். "அப்ப நான் முதுகுல சுமந்து அடிக்கிறேனே, அந்த மருந்துக்குச் சாகாத புழுவா சார் இந்தச் சோளத்துக்குச் சாகப் போகுது?"

நேயர்களே, இந்தக் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது.

மரபணு மாற்றிய பயிர் இரண்டு பெரும் வகை. ஒன்று, இதுவரை சொன்ன பூச்சி கொல்லும் வகை. மற்றது, களைக்கொல்லி மருந்தைத் தாங்கும் வகை. கிளைபோசேட் என்னும் மருந்தை வயல் முழுதும் அடித்தால் களை எல்லாம் சாகும், பயிர் மட்டும் நிற்கும். 1996 முதல் அமெரிக்காவில் இத்தகைய சோயா பயிராகிறது. இதில் செடிக்குள் நஞ்சு ஏதும் இல்லை. மண்ணுக்கு நேரும் நன்மை தீமை அந்த மருந்தின் வழியாகவே வரவேண்டும். அந்த மருந்து அமெரிக்காவில் மட்டுமா இருக்கிறது? நம் ஸ்டோரில் இருக்கிறது.

வியன்னா நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் தொட்டிகளில் மண்ணும் செடியும் புழுவும் வைத்து, கிளைபோசேட் அடித்துப் பார்த்து 2015இல் முடிவு வெளியிட்டார்கள். மேலே வந்து எச்சம் தள்ளும் பெரிய புழு, மருந்தடித்து மூன்று வாரத்தில் அந்த வேலையை ஏறக்குறைய நிறுத்திவிட்டது. மண்ணுக்குள்ளேயே வாழும் இன்னொரு வகைப் புழுவின் இனப்பெருக்கம் மூன்று மாதத்தில் 56 விழுக்காடு குறைந்தது. தொட்டி வேறு, தோட்டம் வேறு என்று சொல்பவர்கள் சொல்லலாம். அதுவும் சரியான பேச்சே. ஆனால் நாம் தொடக்கத்தில் சொன்ன வாசல் உருண்டைகளை நினைத்துப் பாருங்கள்.

பிரிட்டனில் இதற்கு நேர்மாறாகவும் ஒன்று நடந்தது. பயிர் ஒன்றுக்கு அறுபது வயல் அளவில் எடுத்து, ஒவ்வொரு வயலையும் இரு பாதியாகப் பிரித்து, ஒரு பாதியில் களைக்கொல்லி தாங்கும் பயிரும் மறுபாதியில் வழக்கமான பயிரும் நட்டார்கள். முடிவு 2003இல் வந்தது. வாலால் துள்ளும் அந்தச் சிறு பூச்சி மரபணு மாற்றிய பாதியில் அதிகமாக இருந்தது. ஏன்? அங்கே களையை வளரவிட்டுப் பிறகு மருந்தடித்தார்கள். வளர்ந்த களை செத்து விழுந்து மக்கியதால் அதற்கு நல்ல சாப்பாடு. அதே பாதியில், பீட்ரூட் வகையிலும் கடுகு வகையிலும், களை விதை குறைந்தது, பட்டாம்பூச்சியும் குறைந்தது. ஒருவருக்கு விருந்து, ஒருவருக்குப் பட்டினி.

மருந்து என்றதும் பாராகுவாட்டை நம்மால் மறக்க முடியாது. நம் நாட்டில் அது 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து தடை செய்யப்பட்டது. அதுவும் களிமண்ணில் இறுக ஒட்டிக்கொள்ளும். ஆனால் ஒட்டியதும் வீரியம் அடங்கிவிடும்; பி.டி. புரதத்தைப் போல அன்று. அதைத் தடுத்தது மண்புழுவுக்காக அன்று, மனிதருக்காக. அடித்தவர்களின் நகமும் தோலும் மூச்சும் பட்ட பாட்டை லயத்தில் பிறந்த யாருக்கும் நாங்கள் விளக்க வேண்டியதில்லை. அந்த அம்மாவின் கைவிரல் நகங்களைத் தேநீர்க் குவளையை வாங்கும்போது பார்த்தோம். புழுவைப் பற்றி மேடையில் முழங்கிய நாங்கள், அதே மேடைக்கு எதிரே உட்கார்ந்திருந்தவரின் கையுறையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. இது எங்களை இன்னும் உறுத்துகிறது.

அதன் பிறகு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நிரைக்குள் போனோம். மண்டோரிடம் சொல்லிவிட்டுத்தான். மருந்தடித்துச் சுத்தமாக வைத்திருக்கும் மரத்தடி வட்டத்தில் ஒரு முழம் சதுரம் கொத்தினார்கள். மண் கல்லாக இருந்தது. ஓரிரு புழு. அடுத்து, வெட்டிய மட்டைகளைக் குவித்திருக்கும் இடத்தில் அதே அளவு கொத்தினார்கள். மண் பொலபொலவென்று உதிர்ந்தது. புழு, மரவட்டை, பூரான், பெயர் தெரியாத வெள்ளைப் பூச்சி என்று பிள்ளைகள் எண்ணி மாளவில்லை. வட்டத்தில் புழு குறைந்தது மருந்தாலா, மட்டை இல்லாததாலா, நாம் மிதித்து மிதித்து இறுகியதாலா என்று ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான். மூன்றும் இருக்கலாம், இந்தக் கொத்தை வைத்து மட்டும் பிரித்துச் சொல்ல முடியாது என்றோம். முன்பானால் மருந்தால்தான் என்று அடித்துச் சொல்லியிருப்போம்.

வீட்டிலும் செய்து பார்க்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறோம். ஆய்வாளர்கள் செய்வதும் ஏறக்குறைய இதுவே. வெங்காயம் வரும் பெரிய கண் வலைப்பை ஒன்று, பழைய நைலான் காலுறை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் ஒரே அளவு காய்ந்த சோள இலையைப் போட்டுக் கட்டி, பக்கத்தில் பக்கத்தில் நான்கு விரல் ஆழத்தில் புதையுங்கள். கயிற்றின் நுனி வெளியே தெரியட்டும். இல்லையேல் பிறகு தேட வேண்டியிருக்கும். நாங்கள் தேடினோம். வலைப்பைக்குள் புழுவும் மரவட்டையும் போக முடியும். காலுறைக்குள் நுண்ணுயிர் மட்டுமே போகும். இரண்டு மாதம் கழித்து எடுத்தபோது எங்கள் வலைப்பையில் நரம்புதான் மிச்சம். காலுறையில் இலை பழுப்பாக, பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. அந்த இடைவெளிதான் மண்புழுவின் கூலி வேலை.

இப்போது நான்கு பைகள் புதைத்திருக்கிறோம். இரண்டு மட்டைக் குவியலின் கீழே, இரண்டு மரத்தடி வட்டத்தில். பள்ளி விடுமுறை முடிந்ததும் திறப்போம். குறித்து வைக்கும் பொறுப்பு அந்த அம்மாவின் மூத்த மகளுடையது. கோழி விஷயத்தையும் கேட்பீர்கள். ஆசிரியர்கள் சேர்ந்து ஆறு குஞ்சு வாங்கிக் கொடுத்தோம். வேண்டாம் என்று முதலில் மறுத்தார். பிறகு வாங்கிக்கொண்டு, தீவனம் மட்டும் தாமே வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். அதே கடையில், அதே சோளம்தான்.